மனோரமாவின் மூச்சுப் பரீட்சை

தோணிரேவு மனோரமாவுக்கு நாற்பத்தோரு வயது. அதில் இருபத்தைந்து வருஷம் ஏரித் தண்ணீரில் போயிற்று. வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் முட்டி போட்டு, சேற்றைத் தடவித் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கிறவள். கெளுத்தி முள் குத்திக் குத்தி விரல்களெல்லாம் இஞ்சிக் கிழங்காட்டம் ஆகிவிட்டன. போன வருஷம் ஒரு விரல் மடங்காமலே நின்றுவிட்டது. அங்கன்வாடியில் உதவியாளர் வேலை காலி, பத்தாவது தேறியிருந்தால் போதும் என்று சொன்னார்கள். அவளோ அறிவியலில் மட்டும் கோட்டை விட்டவள். தனித்தேர்வராகப் பணம் கட்டி, விழுந்து விழுந்து படித்தாள். செய்முறைத் தேர்வில் தவறினால் அத்தனையும் வீண், மறுபடி சேறுதான்.

நான் சம்பந்தம், பழவேற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வக உதவியாளன். குடுவை கழுவி, அதை உடைக்கிறவர்களைத் திட்டி வயிறு வளர்க்கிறேன். மனோரமாவுக்கு வந்தது சுலபமான சோதனை. சோதனைக்குழாயில் இருக்கும் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் ஸ்ட்ராவை விட்டு ஊத வேண்டும். நம் மூச்சில் இருக்கும் கரியமில வாயு பட்டதும் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். கைப்பிள்ளைகூட ஊதிவிடும். ஏரிக் கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பை ஊறவைத்து, தெளிந்த தண்ணீரை நானே இறுத்து வைத்திருந்தேன்.

ஸ்ட்ராவை வாயில் வைத்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. ஒரு குமிழியாவது வரவேண்டுமே, ஊஹூம்! மூக்கு விடைக்க, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறாள். தண்ணீர் வைத்தது வைத்தபடி இருக்கிறது.

"ஏம்மா, உயிரோடதான் இருக்கியா?" என்றார் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர்.

எனக்கு எரிச்சல் பொறுக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், ஸ்ட்ராவைப் பல்லால் கடித்து நசுக்கி வைத்திருக்கிறாள். அட கஷ்டகாலமே! இறால் தடவுகிறவர்களுக்கு இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்ததைப் போடுகிற ஓலைப்பறியைப் பல்லில்தான் கவ்விக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் அன்றைக்குப் பிடித்ததெல்லாம் தண்ணீரோடு போகும். ஆகவே வாயில் எதை வைத்தாலும் அவளுக்குப் பல் தானாகக் கிட்டிக்கொள்ளும், மூச்சு மூக்கால்தான் போகும்.

வேறு ஸ்ட்ரா கொடுத்தேன். அதையும் கடித்தாள். மூன்றாவதும் சட்னி.

"போதும். இதுக்கு மார்க் இல்ல. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க," என்று தேர்வாளர் சைபர் போடப் பேனாவைத் திறந்தார். நான்காவது ஸ்ட்ராவை அவள் வாயில் திணித்தேன்.

அவ்வளவுதான், அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பல் விட்டது, ஸ்ட்ரா மட்டும் உதட்டில் நின்றது. தேர்வாளரின் ஏழு தலைமுறையையும் ஸ்ட்ரா வழியாகவே விளாசினாள். என்ன சொன்னாளோ ஆண்டவனுக்கே வெளிச்சம், எல்லாம் குமிழியாகத்தான் வந்தது. குழாய் கொதிப்பதுபோல் பொங்கிற்று. தண்ணீர் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

தேர்வாளர் பேனாவை நிறுத்தினார். "சரி, இந்த வாயு எங்கேர்ந்து வந்துச்சு?"

"காலைல துன்ன கேவுரு கூழு சார். அது குளுக்கோஸா ரத்தத்துல ஓடுது. ஒடம்புல கீற ஒவ்வொரு செல்லும் அத்த வாங்கி, ஆக்சிஜனோட சேத்து ஒடைக்குது. அடுப்பு மாரி பக்குனு எரியாது, கொஞ்சங்கொஞ்சமா. தண்ணியும் இந்த வாயுவும் கழிவா வெளிய வந்துடும். சக்திய மட்டும் செல்லு புடிச்சி வச்சிக்கும்."

"ஆக்சிஜன் பத்தலன்னா?"

"அரைகொறையாதான் ஒடையும். சக்தியும் கொஞ்சூண்டுதான் வரும். சேத்துல தபதபனு ஓடினா தொடையெல்லாம் எரியுதே, அப்ப அதான் நடக்குது."

"அந்தச் சக்தி எதுக்குச் செலவாகுது?"

"நடக்க, நெனைக்க, இறாலு புடிக்க..." என்றவள் அவரை நேராகப் பார்த்தாள். "இப்பதிக்கி உன்ன திட்டறதுக்கு சார்."

தேர்வாளர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு முழு மதிப்பெண்ணையும் போட்டு, "நீ என்ன திட்டினேன்னு மட்டும் நான் கேக்கப் போறதில்லம்மா," என்றார்.

மனோரமா கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்து ஓவென்று அழுதாள். பொய் சொல்வானேன், நானும்தான் அழுதேன்.