தனலெட்சுமியின் சேற்றுக் கடல்

மலேசியாவில், கிள்ளான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த தனலெட்சுமி, நாற்பத்தாறு வயதில் ஆயில் பெயின்டிங் கற்றுக்கொள்ளக் கிளம்பினாள். ஞாயிறுதோறும் பஸ் பிடித்துக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வருவாள். அங்கே ஒரு தையல் கடையின் மாடியில் வாசு மாஸ்டர் வகுப்பு நடத்தினார். அவளைவிட வயதில் சின்னவர். தலைமுடியை மட்டும் பெரிய ஓவியர் அளவுக்கு வளர்த்திருந்தார்.

அவருக்குத் தெரிந்தது ஒரே கடல். நீலத் தண்ணீர், ஆரஞ்சு வானம், சாய்ந்த இரண்டு தென்னை, ஒரு படகு. அரைத்த மாவையே அரைப்பார். வகுப்பு முடியும் நேரத்தில் ஒவ்வொருவர் படத்துக்கு முன்னாலும் நின்று, "கொஞ்சம் பினிஷிங் பண்ணிடுறேன் லா" என்று தம் பிரஷை எடுப்பார். அவர் நகர்ந்ததும் படம் பளபளக்கும். மாணவர்கள் அவரைக் கும்பிடாத குறைதான். தனலெட்சுமியும் பல்லை இளித்துக்கொண்டு நின்றவள்தான், மறைப்பானேன்?

எண்பத்தாறாம் வருஷம் மாஸ்டர் ஒரு கண்காட்சி வைப்பதாகச் சொன்னார். இந்த ஒரு படமாவது முழுக்கத் தன் கையால் ஆனதாக மாட்டப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மற்றவர்கள்போல் காலண்டர் படத்தைப் பார்த்து வரைய மனமில்லாமல் மோரிப் கடற்கரைக்கே போய் உட்கார்ந்தாள். அங்கே நீலத்துக்கு எங்கே போவது? தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. கடல், ஆறிப்போன தேநீர் நிறம். செத்த மீனும் கிழிந்த பிளாஸ்டிக் பையும் கரையில் கிடந்து நாறின. குமட்டலை அடக்கிக்கொண்டு, வாரக்கணக்கில் பழுப்பும் சாம்பலும் கலந்து கலந்து, அந்தச் சேற்றின் ஈர மினுமினுப்பைப் பிடித்தேவிட்டாள். அன்று அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. நன்றாகக் காயவைத்துத்தான் மாஸ்டரிடம் ஒப்படைத்தாள்.

கண்காட்சியன்று காலையில் போய்ப் பார்த்தால், சேற்றின்மேல் நீலம். ஓரத்தில் இரண்டு தென்னை. மாஸ்டர் முந்தின நாள் பினிஷிங் பண்ணியிருந்தார். தன் தட்டுச் சோற்றில் யாரோ எச்சில் கையை விட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

ஆயில் பெயின்ட் சீக்கிரத்தில் காயாது. மேலே இருந்த நீலம் இன்னும் ஈரம், அடியில் இருந்த அவள் சேறு எப்போதோ காய்ந்திருந்தது. படத்தைக் கழற்றி மேசையில் கிடத்தினாள். துணியில் டர்பன்டைனைத் தொட்டு மெல்லத் துடைத்தாள். தென்னை வழிந்து போயிற்று. நீலமும் போயிற்று.

கூடப் படிக்கும் ரமணி பதறிப்போனாள். "என்னாக்கா இது, எவ்வளவு அழகா இருந்துச்சு."

"அழகுதான். என்னுது இல்ல."

மாஸ்டர் வந்தார். முகம் சுருங்கிவிட்டது. "இந்தச் சேத்த எப்படிக்கா மாட்டுறது? பார்க்கிறவங்க என் கிளாஸைத்தான் கேவலமா பேசுவாங்க."

"மாட்ட வேணாம் மாஸ்டர். உங்க படந்தான் செவுரு பூரா இருக்கே."

அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லாச் சுவரிலும் அதே தென்னை சாய்ந்து நின்றது. சிறப்பு விருந்தினருக்கு நாற்காலி போடப் போய்விட்டார்.

படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறியவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையெல்லாம் வீட்டு வாசல்வரைதான். கூடத்தில் அவளுடைய பழைய படங்கள் நான்கு வரிசையாகத் தொங்கின. வருகிறவர்களிடமெல்லாம் கணவர் கன்னையா, "எல்லாம் எங்க வீட்டம்மா கைவண்ணம்" என்று காட்டுகிற படங்கள். ஒவ்வொன்றிலும் நீலம், ஒவ்வொன்றிலும் தென்னை.

டர்பன்டைனை எடுத்து வந்து முதல் படத்தை அழுத்தித் துடைத்தாள். துணியில் கறைகூடப் படவில்லை. எப்போதோ காய்ந்து இறுகிவிட்டிருந்தது. அதில் தன் கை எது, மாஸ்டர் கை எது என்று உற்றுப் பார்த்தாள். அவளுக்கே தெரியவில்லை.