மணலில் ஓர் இங்கிலீஷ் மாளிகை

வீட்டுக்குப் பிளான் போடுகிறவன் பிழைப்பு இருக்கிறதே, பகலெல்லாம் மாளிகை வரைந்துவிட்டு ராத்திரி பங்க் கட்டிலில் ஏறிப் படுக்கிற பிழைப்பு. ஷேரிங் ரூம் அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா!

வளைகுடா நாட்டில், தேராவில் இருக்கும் எங்கள் ஆபீஸுக்கு ஒரு பெரியவர் வந்தார். அரபிக்காரர்; முதலாளி என்கிற அர்த்தத்தில் அர்பாப் என்றே கூப்பிடுவோம். கையில் ஓர் இங்கிலீஷ் கிராமத்து மாளிகையின் போட்டோக்கள். மூன்று மகன்களும் ஆளுக்கொரு ஊரில். இந்த மாதிரி கட்டினால் மூவரும் ஒரே கூரைக்குள் வந்துவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு கனவு.

அடைத்த ஜன்னல்கள்

போட்டோவில் சில ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அழகுக்காக்கும் என்று நானும் அப்படியே வரைந்து தொலைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால், அந்தக் காலத்தில் அங்கே ஜன்னலுக்கு வரியாம்! அதற்குப் பயந்துதான் அடைத்தார்களாம். அர்பாபிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். அந்த இருட்டு அறைகளிலெல்லாம் நடந்துவிட்டு வந்தவர் மாதிரி மெல்லக் கண் திறந்து சொன்னார்: "இங்கே ஜன்னலுக்கு வரி மாஃபி, கிடையவே கிடையாது. எல்லாத்தையும் திற!"

சுவருக்குப் பின்னால் ஒரு படி

எஜமானர் கண்ணில் படாமல் வேலைக்காரர்கள் ஏறி இறங்க, அந்த மாளிகையில் சுவருக்குப் பின்னால் தனிப் படி உண்டு; அதையும் வரைந்திருந்தேன். மகன்கள் பிளானைப் பார்க்க வந்தார்கள், தனித்தனியாக! மூத்தவர் அந்தப் படியிலிருந்து நேராகத் தெருவுக்கு வாசல் கேட்டார். இரண்டாமவர் தனிக் கிச்சனும் வாசலும் கேட்டார். சின்னவர் தனி வாசலோடு காம்பவுண்டு கேட்டே கேட்டார். தனிக்குடித்தனம் நம்மூர் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேனே, அடப்பாவமே! போகும்போது மூவரும் சொன்னது ஒன்றுதான்: "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, பாய்."

பனியில் போட்ட கோடு

சைட்டில் சுண்ணாம்புக் கோடு போட்ட காலையில் நல்ல மூடுபனி. பாலைவனமே காணோம். அர்பாப் கோடுகளுக்கு நடுவே, கட்டாத வீட்டின் அறை அறையாக நடந்தார். மகன்கள் கேட்டபடி வாசலுக்கு நான் விட்ட மூன்று இடைவெளிகளையும் பார்த்துவிட்டார்.

சமாளிக்க வேண்டுமே! "அந்த இங்கிலீஷ் வீடும் ஒரே நாளில் கட்டினதில்லை அர்பாப். அப்பா நடுவில் கட்டினார். மகன் கிழக்கே ஒட்டினான், பேரன் மேற்கே ஒட்டினான். ஆளுக்கொரு வாசல், ஆனால் கூரை ஒன்றுதான்" என்றேன்.

அந்த மூன்று இடைவெளிகளிலும் ஒவ்வொன்றாகப் போய் நின்று பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. கடைசியில் சொன்னார்: "மூணு வாசலும் இருக்கட்டும். நான் உட்கார்ற இடத்துல இருந்து மூணும் தெரியணும்."

ஒரு நாற்காலியிலிருந்து மூன்று வாசலும் தெரிகிற மாதிரி வரைய எந்த சாஃப்ட்வேரிலும் பட்டன் இல்லை அன்பர்களே, அழித்து அழித்து வரைந்துகொண்டிருக்கிறேன்.