ஹில்டாவின் முன்வாசல்

வாசலுக்கு இருபுறமும் சுவர் கிடையாது. கொஞ்சம் சுற்றினால் ஆடுகூட உள்ளே போய்விடும். ஆனாலும் ஹில்டா பெல்லிங் பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளி, கல்படியில் காலணியை அழுத்தித் துடைத்த பிறகுதான் கால் வைப்பார். உள்ளே இருப்பது வெறும் புல்தரை. ஆல்டர்ஹர்ஸ்ட் மாளிகையின் கூரை எரிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். இவர் தேய்த்தே படியில் பள்ளம் விழும் என்று நான் சீண்டுவேன். மாளிகையின் பழைய குதிரை லாயத்தில் தேநீர்க்கடை வைத்திருப்பவன் நான்; என் பேச்சு அவரிடம் எடுபடாது. சுற்றிப்பார்க்க வந்தவர் யாராவது சுவர் இருந்த இடம் வழியே நுழைந்தால், "ஜன்னல் வழியா வர்றது பூனைதான், கண்ணு. திரும்பிப் போய் கதவால வாங்க" என்பார். போய்த்தான் ஆகவேண்டும்.

ஹில்டா வீட்டார் நான்கு தலைமுறை அங்கே அடுக்களை வேலை பார்த்தவர்கள். வேலைக்காரர்களுக்கு அனுமதி இல்லாததால் ஒருவரும் முன்வாசலை மிதித்ததில்லை. தீப்பிடித்த அன்று முன்கதவு திறந்தே கிடந்தது. அப்போதும் கூடத்துப் படங்களை அடுக்களை வழியாகச் சுற்றித்தான் தூக்கி ஓடினார்கள். பாதிப் படங்கள் எரிந்தன. இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் சாவியும் ஹில்டாவிடம் வந்து பதினெட்டு வருஷமாகிறது. ஒருநாளும் அவர் அடுக்களை வழியாக உள்ளே நுழைந்ததில்லை.

கார் நிறுத்துமிடம் அடுக்களைப் பக்கம் இருப்பதால் முன்வாசலை நிரந்தரமாகப் பூட்டிவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு எழுந்தது. கையெழுத்திட வேண்டியவர் மாளிகையின் வாரிசு ஜைல்ஸ் ஃபெராண்ட். வியாழக்கிழமை, தூறலில், கோப்போடு அடுக்களை வாசலில் வந்து நின்றார். ஹில்டா கெஞ்சுவார் என்று நினைத்தேன்.

"இது எங்காளுங்க வந்துபோன வழி, தம்பி. ஒங்க வீட்டு வழி அந்தப் பக்கம். வாங்க."

சேற்றில் மாளிகையை முழுதாகச் சுற்றவைத்தார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன். நடந்தபடியே தீப்பிடித்த கதையைச் சொல்லி முடித்தார். வாசலருகே வந்ததும் ஜைல்ஸ் நின்றுவிட்டார்.

"எங்க வீட்ல யாரும் இதச் சொன்னதே இல்லையே."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? படங்களத் தூக்குனது நாங்கதானே."

ஜைல்ஸ் கையெழுத்துக் காகிதத்தை மடித்துக் கோட்டுக்குள் செருகினார். பூட்ட வேண்டாம் என்றார். பிறகு ஒதுங்கி நின்று, "நீங்க மொதல்ல போங்க" என்றார்.

ஹில்டா நன்றி சொல்லவில்லை. படியில் இடதுகாலைத் துடைத்தார். வலதுகாலை வழக்கத்தைவிட நிதானமாகத் துடைத்தார். தலை நிமிர்ந்து உள்ளே போனார். பின்னாலேயே ஜைல்ஸ் படியேறி, குனிந்து பார்த்துத் தன் காலணியைத் துடைக்கத் தொடங்கினார்.