நீலமா எரிஞ்சா நல்லது

கலந்ததில் ஒரு கரண்டி எடுத்து விழுங்கிவிட்டு, பாஸ்கல் காலண்டருக்கு முன்னால் போய் நிற்கிறார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தேதியைப் படிக்கிறார். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, தேதிக்குக் கீழே அச்சிட்டிருக்கும் ராகு காலத்தைப் படிக்கிறார். அவர் கிறிஸ்தவர். ராகு காலத்தால் அவருக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டில் இருப்பதிலேயே பொடியான எழுத்து அதுதான். இரண்டு கண்ணும் தேறிய பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்.

இத்தனைக்கும் அவர் கலந்திருப்பது எலுமிச்சம்பழச் சாறு, சர்க்கரைப் பாகு, கொஞ்சம் ஓமத்தண்ணீர், சோடா. அவ்வளவுதான்.

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில், கோயில் மணி கேட்கும் தூரத்தில், ஓட்டு வீடு. பாஸ்கலுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒல்லியான ஆள், சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூட விடாமல் போடுவார். கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் வந்து போன ஒரு கிளப்பில் பத்தொன்பது வருடம் பாரில் நின்றவர். துரைமார்கள் கப்பலேறிய பிறகு மலையிறங்கி வந்து, கோலி சோடா கம்பெனி ஒன்றில் எசன்ஸ் கலக்கும் வேலையில் சேர்ந்தார். கீழே வந்த நேரம் மதுவிலக்கும் வந்து சேர்ந்தது. அதற்காக அவருடைய கை சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீட்டுக்குள்ளேயே ஒரு பாரை விரித்துவிடுவார்.

கிளப்பில் ஜின் ஊற்றிய இடத்தில் இங்கே ஓமத்தண்ணீர். பிராந்திக்குப் பதில், கருக வறுத்த சர்க்கரையில் கிராம்பும் பட்டையும் போட்டு இறக்கிய கஷாயம். ரம்முக்குக் கருப்பட்டி. குலுக்குவதற்கு அங்கே வெள்ளி ஜாடி இருந்தது. இங்கே அவர் மனைவி புஷ்பமேரியின் தூக்குச்சட்டி. சோடா கம்பெனியிலிருந்து மரத்தூளில் பொதிந்து கொண்டுவந்த ஐஸைத் துணியில் சுற்றி அம்மிக் குழவியால் தட்டிப் போட்டு, மூடியை இறுக்கி, காதோரம் வைத்துக் குலுக்குவார். எண்ணிக்கை எதுவும் கிடையாது. “சத்தம் தடிச்சுப் போச்சுன்னா நிப்பாட்டிரணும்” என்பார். தடித்த சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கு மறுபடி குலுக்கிக் காட்டியிருக்கிறார்; ஒருவருக்கும் விளங்கவில்லை. ஈரத் தம்ளரில் ஊற்ற மாட்டார். தம்ளரைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மறுபடி துடைப்பார். புஷ்பமேரிக்கு இது வேடிக்கை. “ஓமத்தண்ணிக்கு இம்புட்டு அலங்காரமா? பச்சப் புள்ளைக்கு நான் சங்குல ஊத்துறது” என்பாள். அவர் சிரிக்காமல், கிளப்பில் இதன் பெயர் கிம்லெட் என்று சொல்லி அவளுக்கு ஒரு தம்ளர் நீட்டுவார்.

பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் சனாவுல்லா, நோன்பு திறக்க இவர் கலக்கும் ரோஜா சர்பத்தைத்தான் ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அண்டா நிறைய வாங்கிப் போகிறார். கல்யாண வீடுகளிலும் கூப்பிடுகிறார்கள். ஆக, சட்டத்துக்கு விரோதமாக அவர் வீட்டில் ஒரு சொட்டும் இல்லை. இருந்தும் காக்கியைக் கண்டால் தூக்குச்சட்டியை அடுப்புக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார். தபால்காரரும் காக்கிதான் போடுகிறார். தெருவில் இது தெரிந்துபோய், தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் பெண்கள்கூட, “பாஸ்கலண்ணே, ஒங்களத் தேடி எஸ்.ஐ. வந்தாரே, பாத்தீகளா?” என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அவரும் சிரிப்பார். அன்று மத்தியானம் சோறு இறங்காது.

பயந்த சுபாவம் என்று தெரு நினைக்கிறது. அது சரியில்லை. போன வருடம் வரைக்கும் அவருக்கு எந்தப் பயமும் கிடையாது.

சோடா கம்பெனியில் மெஷின் சுற்றியவர் பொம்மையன். பாஸ்கல் எசன்ஸ் ஊற்றிய பாட்டில்களை இரும்புக் கூண்டில் அடுக்கி, கைப்பிடியைச் சுற்றி, காஸ் ஏற்றி, கோலியை மேலே ஏறி நிற்கச் செய்வது அவர் வேலை. பன்னிரண்டு வருடம் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். மெஷின் இரைச்சலுக்கு நடுவே பாஸ்கல் கத்திக் கத்திச் சொன்ன மலைக் கதைகளில் பொம்மையனுக்குப் பிடித்தது கிறிஸ்துமஸ் புட்டிங் கதை. கேக் மாதிரி ஒன்றின் தலையில் பிராந்தியை ஊற்றி, விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, பாஸ்கல் தீக்குச்சியைக் கிழித்து வைப்பார். நீலமாகச் சுடர் இறங்கும். துரைசானிமார்கள் கை தட்டுவார்கள். அந்தக் கதையை முடிக்கும்போதெல்லாம் பாஸ்கல் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்வார்: “நீலமா எரிஞ்சா நல்லது. மஞ்சளா எரிஞ்சா கலப்படம்.” யாரும் அதை அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நல்ல பிராந்தி நீலமாக எரிவதை வருடம் ஒருமுறை பார்த்திருந்தார். அதனால் நீலமாக எரிவதெல்லாம் நல்லது என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். கம்பெனியில் எல்லோரும் தலையாட்டினார்கள். பத்தொன்பது வருடம் பாரில் நின்றவர் சொன்னால் யார் மறுப்பது?

போன வருடம் பொம்மையனுக்குப் பேரன் பிறந்தான். பூட்டுப் பட்டறையில் யாரோ கொடுத்ததாக ஒரு பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மேட்டுப்பட்டிக்கு வந்தார். தொரைமாருக்குக் கலந்த மாதிரி தனக்கு ஒருதரம் கலந்து கொடுக்கச் சொன்னார். பாஸ்கல் குடிக்கிறவரில்லை, குடல் புண்ணுக்காக எப்போதோ விட்டவர். ஆனால் உண்மையான சரக்கு கைக்கு வந்து எத்தனை வருடமாகிறது. மூடியைத் திறந்ததும் வார்னிஷ் மாதிரி ஒரு வாடை மூக்கில் இடித்தது. சமையலறைக் கதவைச் சாத்தி, ஒரு கரண்டியில் ஊற்றிக் கொளுத்திப் பார்த்தார். இருட்டில் நீலமாக எரிந்தது, மலையில் எரிந்த அதே நீலம். வெளியே வந்து, “தைரியமாக் குடிக்கலாம்” என்றார். வாடை தெரியாமலிருக்க இஞ்சியை இரண்டு பங்காகத் தட்டிப் போட்டார். எலுமிச்சை, கிராம்பு, கருக்கிய சர்க்கரை, சோடா. பொம்மையன் மூன்று தம்ளர் குடித்துவிட்டு, இப்படி ஒன்றை நாக்கு கண்டதில்லை என்று சொல்லி, பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, வெயில் முற்றத்தில் காய்கிறபோது, தன் மனைவி மாயம்மாளிடம் பொழுது இன்னும் விடியவில்லையா என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர்களிடம், எங்கேயோ வாங்கிக் குடித்தேன், இடம் நினைவில்லை என்று சாதித்துவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பாஸ்கலின் கையைத் தேடிப் பிடித்து ஒன்றே ஒன்று சொன்னார்:

“ஒனக்கு எப்புடித் தெரியும், விடு.”

அந்த வார்த்தையைத்தான் பாஸ்கலால் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. தெரியாது என்பது பொய். வாடை தெரிந்தது. தெரிந்ததால்தான் இஞ்சி இரண்டு பங்கானது. பொம்மையனின் மௌனம் முழுவதும், பாஸ்கலுக்கும் ஒன்றும் தெரியாது என்ற நம்பிக்கையின் மேல் நின்றுகொண்டிருக்கிறது. அதை உருவிவிட்டால் என்ன ஆகும்? ஸ்டேஷன் கூப்பிடு தூரம். புஷ்பமேரிக்கு மட்டும் சொன்னார். அவள் அன்று கேலி பேசவில்லை. “அவருகிட்டச் சொல்லிருங்க” என்றாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே இரண்டு வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஏனென்றால் பொம்மையன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறார். நிலக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் மல்லிகையை வாங்கி மாயம்மாள் விற்கிறாள். அவர் விரலால் தடவித் தடவிக் கட்டிக் கொடுக்கிறார். பூ விற்கப் போகும் வழியில் அவரை இங்கே விட்டுவிட்டுப் போவாள். முற்றத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, பாஸ்கல் தரும் நன்னாரியைக் கேள்வி கேட்காமல் குடிப்பார். அந்த ஒரு வாய் தொண்டையில் இறங்கும்வரை பாஸ்கல் மூச்சு விடுவதில்லை. முகம் சுளிக்கிறாரா என்று பார்ப்பார். பார்க்கப்படுவது தெரியாத முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நியாயமா என்று வேறு தோன்றும். நண்பர் வராவிட்டால் நிம்மதியாக இருக்கும். வராத வாரம் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாரோ என்று வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் சடையாண்டி வந்தான். பூட்டுப் பட்டறையில் பாலிஷ் போடுகிறவன். தங்கைக்கு மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தொப்பம்பட்டிப் பக்கம். கவனிப்பு இல்லாவிட்டால் பந்தலிலேயே மூஞ்சியைத் தூக்குவார்களாம். பைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினான். வீட்டில் இதைப்போல் இன்னும் ஐந்து இருப்பதாகச் சொன்னான்.

பாஸ்கல் மூடியைத் திறக்கவே இல்லை. திறக்காமலே மூக்குக்குத் தெரிந்தது. தன்னால் முடியாது, எடுத்துக்கொண்டு போ என்றார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

சடையாண்டிக்கு அது புரியவில்லை. ஊருக்கெல்லாம் கலந்து கொடுக்கிற மனுசன், ஏழைபாழை என்றால் கசக்குதாக்கும் என்று குத்தலாகச் சொன்னான். பிறகு, பரவாயில்லை, இஞ்சியைத் தட்டிப் போட்டுத் தானே கலந்துகொள்வதாகச் சொல்லி, பாட்டிலைப் பைக்குள் வைத்தான். வாசல் வரைக்கும் போனவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

“பயப்படாதீகண்ணே. கொளுத்திப் பாத்துட்டேன். நீலமாத்தான் எரியுது. பட்டறையில எல்லாரும் அப்புடித்தான பாக்குறோம். நீங்க சொல்லிக் குடுத்ததுதானாம்ல.”

அந்த வாக்கியத்தைப் பாஸ்கல் ஒரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதைத் தவறு என்றும் யாரிடமும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு சோடா கம்பெனியிலிருந்து பட்டறைக்குப் போய், ஒரு பட்டறையிலிருந்து இன்னொரு பட்டறைக்குப் போய், எத்தனை பேர் கரண்டியில் எரிந்துகொண்டிருக்கிறதோ. நாளைக்குப் பந்தலில் ஐம்பது பேர் உட்காருவார்கள். சமையலறை வாசலில் புஷ்பமேரி நின்றாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முக்காலியில் பொம்மையன் நன்னாரியைக் குடித்துக்கொண்டிருந்தார். தலை மட்டும் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

“சடையாண்டி, நில்லு” என்றார் பாஸ்கல். “நீலம் பொய் சொல்லும்ப்பா. பொம்மையனுக்கு அன்னைக்குக் கலந்தது நான்தான். அதுவும் நீலமாத்தான் எரிஞ்சுச்சு.”

சடையாண்டி, தங்கைக் கல்யாணத்தைக் கெடுக்க இப்படியும் சொல்வார்களா என்ற முகத்தோடு நின்றான். நீங்களும் ஏமாந்திருப்பீர்கள், இது வேற சரக்கு என்று இழுத்தான். அது போதவில்லை என்று பாஸ்கலுக்குத் தெரிந்தது. மிச்சத்தையும் சொல்லாமல் அவனை அந்த வாசலைத் தாண்டாமல் நிறுத்த முடியாது.

“நான் ஏமாறல. வார்னிஷ் வாடை எனக்குத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சுதான் இஞ்சிய ரெண்டு பங்காப் போட்டேன். வாடைய மறைக்கத்தான் கலந்தேன்.”

பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று சுவரேறி இறங்கியது. பொம்மையன் தம்ளரைத் தரையில் வைத்தார். கையால் துழாவி, அது சாயாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பாஸ்கல் தெருவைப் பார்த்தார். காக்கி எதுவும் இல்லை. இருந்திருந்தால்கூட இப்போது ஒன்றுதான் என்று தோன்றியது.

“அந்தக் கல்லு மேல ஊத்து” என்றார் பொம்மையன், சடையாண்டியிடம். “கொஞ்சம் போதும். கொளுத்து.”

சடையாண்டி மறுபேச்சில்லாமல் ஊற்றினான். குச்சியைக் கிழித்து வைத்தான். உச்சி வெயில் கல்லின் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. ஈரக் கல் வெயிலில் கிடந்தது, அவ்வளவுதான். பத்தவில்லை என்று சொல்லி இன்னொரு குச்சி எடுத்தான். பாஸ்கலும் குனிந்து பார்த்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பொம்மையன் முக்காலியிலிருந்து முன்னே சரிந்து, உள்ளங்கையைக் கல்லின் மேல் நீட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினார். ஒரு சாண் உயரத்தில் கை நின்றது.

“எரியுது” என்றார்.

கையை எடுக்கவில்லை. பாஸ்கல் பதறி ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். பொம்மையன் விடவில்லை. மறுகையால் பாஸ்கலின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் மணிக்கட்டிலிருந்து பிரித்தார். பாஸ்கலின் கையை விரித்து, தன் கைக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் பிடித்து வைத்தார். பிறகு தன் பிடியைத் தளர்த்திக்கொண்டார்.

பாஸ்கல் கையை இழுத்துக்கொள்ளவில்லை.