ஐம்பத்து மூன்றாவது கோடு

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, சேலத்தில் ஒரு டென்னிஸ் மைதானத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. யார் மேல் கொதிக்கிறது என்பதில்தான் கொஞ்சம் குழப்பம். முழுவதையும் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

நானும் எங்கள் வீட்டுக்காரரும் புதுச்சத்திரத்துப் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருக்கிறோம். என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் சொந்தத்தில் யாரும் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டது கிடையாது. இவள் மட்டும் எப்படியோ நாமக்கல்லில் படிக்கும் பள்ளியின் சிமெண்டுத் தரையில் ஆடக் கற்றுக்கொண்டாள். தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் ஆடினாள். நான்கு வருடத்தில் எத்தனை ஜோடி ஷூ தேய்ந்தது என்று கேட்காதீர்கள். அன்றைக்கு நடந்தது கடைசிச் சுற்று. ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். முதல் நாள் சாயங்காலமே பையை எடுத்து வைத்துவிட்டு, சாப்பிடக்கூட முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அவள் ஆட்டத்தை நான் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. பண்ணை வேலையில் எனக்கு எங்கே நேரம்? இந்த விளையாட்டில் எப்படி எண்ணுவார்கள் என்று அவள் பலமுறை சொல்ல வந்திருக்கிறாள். நான் முட்டை பொறுக்கிக்கொண்டே "சரி சரி, போ" என்று தட்டிக் கழித்திருக்கிறேன். எண்ணுவதற்கு யாராவது பாடம் படிப்பார்களா? எண்ணுவது என்பது எனக்குத் தினசரி வேலை. நாலு கோடு நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. பண்ணையில் அப்படித்தான் எண்ணுவேன். அந்தப் பழைய நோட்டுப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கம்பி வேலிக்கு வெளியே சிமெண்டுப் படியில் உட்கார்ந்து, பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ஒரு கோடு போட ஆரம்பித்தேன்.

எதிரே ஆடியது சேலத்துப் பெண். இவள் வயதுதான் இருக்கும். தோளில் பெரிய பை, அதில் மூன்று மட்டை. என் மகளிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் நரம்பு மாற்றியது. பார்த்த உடனேயே எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காமல் போய்விட்டது. உண்மையைத்தானே எழுத வேண்டும்!

எண்ணிக்கையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. ஒரு பாயிண்ட் எடுத்தால் பதினைந்தாம். இரண்டு எடுத்தால் முப்பது. சரி, மூன்றாவதுக்கு நாற்பத்தைந்துதானே வர வேண்டும்? நாற்பதாம்! அந்த ஐந்தை யார் சாப்பிட்டார்கள்? பூஜ்யத்துக்கு 'லவ்'வாம், என் மகள் அத்தனை பேர் முன்னால் அதை உரக்கச் சொல்கிறாள். அதைவிட அநியாயம், இந்த மாதிரிப் போட்டிகளில் கூடவே உட்கார்ந்து எண்ணிச் சொல்ல ஆளே கிடையாது. பந்தைப் போடுகிறவளே கணக்கைச் சொல்லிக்கொள்ள வேண்டும். பந்து உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பதை அவரவர் பக்கத்தில் அவரவரே சொல்ல வேண்டும். அங்கே பக்கம் பக்கமாக இருந்த மூன்று மைதானத்துக்கும் சேர்த்து நடுவர் ஒரே ஒருவர், தொப்பி போட்டுக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருந்தார். இதெல்லாம் ஒரு போட்டியா என்று அப்போதே எனக்கு எரிச்சல் கிளம்பிவிட்டது.

ஆனாலும் முதல் செட்டில் என் மகள் வெளுத்து வாங்கினாள். ஆறு 'கேமு'க்கு ஒன்று என்று செட் அவளுக்கு. என் நோட்டில் அவளுக்கு இருபத்தைந்து கோடு, அந்தப் பெண்ணுக்கு வெறும் பத்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது செட்டில் ஆரம்பித்தது வம்பு. இரண்டு பேரும் நாற்பது ஆனதும் அந்தப் பெண் 'டியூஸ்' என்றாள். அடுத்த பாயிண்ட்டை என் மகள் எடுத்தாள், 'அட்வான்டேஜ்' என்றார்கள். நான் கோடு போட்டேன். அதற்கடுத்ததை அந்தப் பெண் எடுத்தாள். உடனே மறுபடியும் 'டியூஸ்' என்கிறாள்! என் மகள் எடுத்த பாயிண்ட் எங்கே போச்சு? இட்ட முட்டை மறுபடியும் கோழி வயிற்றுக்குள் போகுமா? அழுகுணி ஆட்டம் ஆடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். சும்மா இருப்பேனா?

"ஏங்கண்ணு, எம்புள்ள எடுத்ததை எங்க ஒளிச்சு வெச்ச?" என்று வேலிக்கு வெளியிலிருந்தே சத்தம் போட்டேன்.

நடுவர் வேகமாக வந்தார். என்னிடம் "அமைதியா இருங்கம்மா" என்று மட்டும் சொன்னார். உள்ளே போய் என் மகளிடம் ஒரு விரலைத் தூக்கி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டினாள். பிள்ளை பயந்த சுபாவம், நாம்தான் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த செட்டில் என் மகளுக்கு நான்கு கேம், அந்தப் பெண்ணுக்கு ஆறு. ஆளுக்கொரு செட் ஆனதால் 'டை பிரேக்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். அப்போது திடீரென்று ஒன்று, இரண்டு, மூன்று என்று மனிதர்கள் எண்ணுகிற மாதிரி எண்ணினார்கள் பாருங்கள், எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்படி எண்ணத் தெரியும் என்றால் காலையிலிருந்து ஏன் அப்படி எண்ணினார்கள்? முதலில் பத்து எடுப்பவளுக்கு வெற்றி என்பது மட்டும் பக்கத்திலிருந்தவர்கள் பேச்சில் காதில் விழுந்தது. எட்டுக்கு எட்டு வந்தது. என் நோட்டில் என் மகள் எங்கேயோ முன்னால் நிற்கிறாள், இவர்கள் சமம் என்கிறார்கள்.

அந்த நேரத்தில் அந்தப் பெண் அடித்த பந்து என் மகளின் பக்கம் மூலைக் கோட்டருகே விழுந்தது. என் கண்ணுக்கு அது வெளியேதான். என் மகளோ உள்ளங்கையைத் தரையை நோக்கி விரித்துக் காட்டினாள். பந்து உள்ளே விழுந்தது என்று அர்த்தம். பைத்தியக்காரி, தானே தாரை வார்க்கிறாளே!

"அவுட்டு! அவுட்டுன்னு சொல்லு சாமி! வெளியதான் உழுந்துச்சு, நான் பாத்தேன்!" என்று எழுந்து நின்று கத்தினேன்.

மறுபடியும் நடுவர் வந்தார். இந்த முறை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேரே உள்ளே போனார். இரண்டு பெண்களிடமும் ஏதோ சொன்னார். அந்தச் சேலத்துப் பெண் அவரிடம் தலையை ஆட்டி ஆட்டி என்னவோ பேசினாள், அவர் முடியாது என்பது போலக் கையை அசைத்தார். பிறகு இரண்டு பேரும் வலைக்கு மேலே கை கொடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது. என் மகள் தோற்றுவிட்டாளாம்.

எனக்கு வந்ததே ஒரு ஆங்காரம்! நோட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டேன்.

"ஏனுங்க சார், இது என்னங்க நாயம்? எம்புள்ள அறுவத்து மூணு, அந்தப் புள்ள அம்பத்தொண்ணு. ஒவ்வொண்ணா எண்ணி வெச்சிருக்கேன். பன்னெண்டு கூட எடுத்தவ எப்படிங்க தோப்பா? யாரு காதுல பூச்சுத்தறீங்க?"

"மொத்தத்தை யாரும் பார்க்கறதில்லீங்கம்மா. தயவு செஞ்சு வெளிய போங்க" என்றார் அவர்.

அதோடு விட்டேனா? அந்தப் பெண்ணைப் பார்த்து, "இப்படி ஜெயிச்சு என்ன கண்ணு பண்ணப் போற?" என்று கேட்டேன். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது. குட்டு வெளிப்பட்டதால் அழுகிறாள் என்று எனக்கு அதிலும் ஒரு திருப்தி.

என் மகள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் என் வாய் ஓயவில்லை. கலெக்டருக்கு மனு எழுதுவேன் என்றேன், பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்பேன் என்றேன். மல்லூர் தாண்டும் வரைக்கும் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, நம்ம பண்ணைக்கு வர்ற லாரிக்காரரு முட்டை அட்டையைத்தான எண்றாரு? முப்பது நெறஞ்சாத்தான் ஒரு அட்டை. மீதி நிக்கிற உதிரி முட்டையை அவரு எண்றாரா? இதுவும் அப்படித்தான். கேம் நெறஞ்சாத்தான் கணக்கு. டியூஸ் ஆயிட்டா அடுத்தடுத்து ரெண்டு எடுத்தாத்தான் கேம் நெறையும். நெறையாத கேமுல நான் எத்தனை பாயிண்ட் எடுத்தாலும் அது உதிரிதான்."

இருபது வருடமாக முட்டையோடு கிடக்கிறேன், எனக்கு உறைக்கிற மாதிரி என் பிள்ளை ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டாள். நான் முதல் செட்டில் குவித்து வைத்த கோடெல்லாம் அந்த செட்டோடு முடிந்த சமாசாரம். ஆனாலும் நான் விடவில்லை. கடைசிப் பந்து வெளியேதானே விழுந்தது என்று கேட்டேன்.

"லைன்லதாம்மா உழுந்துச்சு, லைன்ல பட்டா உள்ளதான். பக்கத்துல நின்னவ நானு. கண்ணால பாத்தேன்."

சரி என்று அந்த ஒரு கோட்டைப் பஸ்ஸிலேயே அந்தப் பெண்ணின் பக்கத்தில் போட்டேன். ஐம்பத்திரண்டு. டை பிரேக்கில் போட்டதை மட்டும் தனியாக எண்ணிப் பார்த்தேன். என் மகளுக்கு எட்டு, அந்தப் பெண்ணுக்கு ஒன்பது. எனக்குத் திரும்பவும் உற்சாகம் வந்துவிட்டது. "பாத்தியா, ஒம்போதுதான் வருது! பத்தாவது எங்க? அடிக்காத பந்துக்கு எப்படிடீ பாயிண்ட் குடுத்தாங்க?" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ ரெண்டாவது தடவை கத்துனதுக்கு" என்றாள்.

வெளியிலிருந்து பெற்றோர் குறுக்கிட்டால் முதல் தடவை ஆடுகிற பிள்ளைக்கு எச்சரிக்கை. அந்த ஒற்றை விரல் அதுதான். இரண்டாவது தடவை ஒரு பாயிண்ட் போய்விடும். எட்டுக்கு ஒன்பதில் இருந்தவளுக்கு எதிராக, ஒரு பந்துகூட அடிக்காமல், பத்தாவதை நான் கத்தியே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நான்கு வருட முதல் பஸ், என் இரண்டு சத்தத்தில் முடிந்துவிட்டது.

அந்தப் பெண் நடுவரிடம் என்ன பேசினாள் என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். "அந்தப் பந்தை இவளேதான் உள்ளன்னு குடுத்தா சார், எனக்கு அந்தப் பாயிண்ட் வேண்டாம், ஆடியே முடிச்சுக்கிறோம்" என்று கெஞ்சினாளாம். அவர்தான் விதி விதிதான் என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பெண்ணைத்தான் நான் நிற்க வைத்து அழ வைத்துவிட்டு வந்திருக்கிறேன். புதுச்சத்திரத்தில் இறங்கினோம். எங்கள் வீட்டுக்காரர் ஸ்டாண்டில் வண்டியோடு நின்று, "என்னாச்சு அம்மிணி?" என்று மகளிடம் ஆசையாகக் கேட்டார். "தோத்துட்டேங்கப்பா" என்றாள். அம்மா தோற்கடித்தாள் என்று அவள் சொல்லவில்லை, இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வருடம் அதே மைதானத்துக்குப் போனபோது அந்தப் பெண்ணைத் தேடினேன். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை கோர்த்துக்கொண்டு போனேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று விளையாட்டையே நிறுத்திவிட்டாளாம், வரவில்லை.

இப்போதும் எனக்கு அந்த விதி மேல் கோபம்தான். கத்தியது நான். என்னைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கலாம், வெயிலில் நாள் முழுக்க நிறுத்தியிருக்கலாம், ஏன் என்று கேட்டிருக்க மாட்டேன். உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு ஏன் தண்டனை? இதில் எந்த ஊர் நியாயம் இருக்கிறது? டென்னிஸில் இப்போது பதினைந்து, முப்பது, நாற்பது எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த நாற்பதையும் அந்த 'லவ்'வையும்கூட மன்னித்துவிட்டேன். இந்த விதியை மட்டும் இன்னும் மன்னிக்க மனம் வரவில்லை.

மகள் இப்போது பிளஸ் டூ. ஆடிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் ஆட்டத்துக்கு நான் போகிறேன், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த நோட்டும் பீரோவில் இருக்கிறது. அதில் அந்தப் பெண்ணின் பக்கம் இன்னும் ஐம்பத்திரண்டு கோடுதான். ஐம்பத்து மூன்றாவதைப் போட எனக்குக் கை வரவில்லை, ஏனென்றால் அது அவள் எடுத்ததும் இல்லை, என் மகள் விட்டதும் இல்லை, என் கோபம் என் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிக் கொடுத்தது.