பொட்டு வைத்த பந்து

அன்று காலை பயிற்சி தரும் மாஸ்டர் இருந்தார். கேமரா பார்க்கும் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். பந்து எறிகிற பெண் இருந்தாள், ஓரிக்கை ஊர்க்காரி. எதிரே பந்து பிடிக்கிற மாணவன் குந்தியிருந்தான். அப்புறம் நான்.

காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகம். பேஸ்பால் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் அங்கே தனிக் கூடம் கட்டியிருந்தார்கள். வலை கட்டுவதும் பந்து எடுத்து வைப்பதும் என் வேலை.

அந்தப் பெண்ணின் பந்தில் வேகம் குறைவு. ஆனால் நன்றாகச் சுழலும் என்பாள். பிடிப்பவன் கைக்குப் போவதற்குள் பதினைந்து சுற்றாவது சுற்றினால் அணியில் எடுக்கிறேன் என்றார் மாஸ்டர். கேமரா மெதுவாகத்தான் காட்டியது. இருந்தும் பந்தின் தையல் கலங்கி, சுற்று எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. இரண்டு தடவை எண்ணினார்கள். ஆளுக்கொரு கணக்கு வந்தது. பூஜை லீவு முடிந்ததும் கடைசித் தடவை, அதற்குமேல் இல்லை என்று சொல்லிவிட்டார்.

நான் முன்பு லாரி ஷெட்டில் இருந்தவன். ஆயுத பூஜைக்கு அங்கே ஸ்பானருக்குக்கூடப் பொட்டு உண்டு. இங்கேயும் வைத்தேன். மட்டைக்கு, பந்து எறியும் மெஷினுக்கு, இரண்டு டஜன் புதுப் பந்துக்கு. ஒன்றையும் விடவில்லை.

லீவு முடிந்து மாஸ்டர் பந்துப் பெட்டியைத் திறந்தார். ஒரு பந்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாய்யா இது?”

“பூஜை போட்டேன் சார்.”

துடைக்கச் சொன்னார். சந்தனம் போனது. குங்குமம் போகவில்லை, தோல் குடித்துவிட்டது. வேறு பந்தும் கிடையாது.

பிடிக்கிற மாணவன் ஒன்றை எடுத்துப் பார்த்தான். “அண்ணே, இத்த புடிக்கறதா, கண்ணுல ஒத்திக்கறதா?”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பந்தை வாங்கினாள். எறிந்தாள்.

ஆராய்ச்சி மாணவர் படத்தை ஓட்டினார். நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.

“சார், பொட்டு தெரியுது சார்.”

சிவப்பு மேலே வந்தது, மறைந்தது, திரும்ப வந்தது. ஒரு தடவை வந்தால் ஒரு சுற்று. மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் வலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். “நான் பாக்கலண்ணே. நீ எண்ணி சொல்லு.”

மாஸ்டர் எண்ணினார். ஆராய்ச்சி மாணவர் எண்ணினார். நானும் விரல் விட்டு எண்ணினேன். இந்தத் தடவை மூவருக்கும் ஒரே கணக்கு.

பதினாறு.