பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

1. குடைசாய்ந்த வண்டி

தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், ஒரு பட்டறையில் லேத் ஓட்டியும் வெல்டிங் அடித்தும் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். நான் உருப்படியாகச் செய்த வேலைகளை வேறு யாராவது சொல்லட்டும். நான் கெடுத்த ஒரு வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது பட்டறைகளில் இருக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் உபயோகப்படும்.

சுனாமிக்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு நாள் காலையில் மினி லாரியில் கட்டி ஒரு ஏ.டி.வி. வந்து இறங்கியது. மணலில் ஓட்டுவதற்கென்று குண்டு டயர் போட்ட நாலு சக்கர பைக். ஹேண்டில்பார் வளைந்து, மட்கார்டு உடைந்திருந்தது. கூடவே கைத்தடியோடு இறங்கியவர் அந்துவான் மிசியே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், எங்கள் ஊரில் சொல்தா என்போம். குருசுக்குப்பம் தாண்டி வடக்கே, கடலோரத் தோப்பில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்தம்மாவை நாங்கள் எல்லோரும் மதாம் என்றுதான் சொல்வோம்.

மிசியேவுக்கு இடது முழங்கால் மடங்காது. பட்டாளத்தில் பட்ட அடி. மணலில் தடியை ஊன்றினால் தடி புதையும். காலையில் போட் கரைக்கு வரும்போது மீன் வாங்கப் போக, தோப்பைச் சுற்றிப் பார்க்க, எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான் அவருக்குக் கால்.

மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்காருவதால் பாரம் எப்போதும் இடது பக்கமே சாயும். மணல் மேட்டில் குறுக்கே போனபோது வண்டி குடைசாய்ந்துவிட்டது. கீழே மணலாக இருந்ததால் பிழைத்தார்.

"நாலு சக்கரம் வச்சிக்கினு ரெண்டு சக்கரம் மாதிரி வுழுது ஏழுமலை. மதாம் இனிமே பின்னால ஏற மாட்டேன்னுட்டாங்க. காலை அகட்டி நிக்க வெச்சுக் குடு" என்றார்.

2. அகட்டி நிற்க வைத்த விதம்

ரிம்முக்கு நடுவில் ஒரு டிஸ்க் இருக்கும். அச்சு முனையில் இருக்கிற ஹப்பில் வைத்து நட்டு போட்டு இறுக்குவது அதைத்தான். அந்த டிஸ்க்கை வெட்டி எடுத்து, ரிம்முக்குள் உள்பக்கமாகத் தள்ளி வைத்து வெல்டிங் அடித்தால், சக்கரம் அந்த அளவுக்கு வெளியே வந்து நிற்கும். ஒரு பக்கத்துக்கு இரண்டு இஞ்ச் என்று கணக்குப் போட்டேன். வெட்டும்போதுதான் கவனித்தேன், டிஸ்க்கில் ஒரு குழிவு இருந்தது. அதைத் திருப்பிப் போட்டால் இன்னும் அரை இஞ்ச் சும்மா கிடைக்கும். திருப்பிப் போட்டேன். யாரும் சொல்லித் தந்ததில்லை, என் சொந்த மூளை.

நாலு ரிம்மையும் லேத்தில் ஏற்றி, டயல் வைத்து ஓட்டம் பார்த்தேன். கோணல் இல்லை. வெல்டிங் தையல் போட்ட மாதிரி இருந்தது. முதலாளி பக்கத்துப் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வண்டியை எடுக்க மிசியே மதாமையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தம்மாவைப் பின்னால் ஏற்றி எஸ்டேட்டை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். திரும்பி வந்து இறங்கும்போது மதாம் சிரித்தது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

3. படையல்

மூன்று வாரம் போனது. ஆயுத பூஜை வந்தது. லேத்தைக் கழுவிப் பொட்டு வைத்து, ஸ்பேனர், சுத்தியல், வெர்னியர் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தோம். படையலில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு யாரும் தொடக் கூடாது. மறுநாள் காலையில்தான் எடுப்போம். எந்தப் பட்டறையிலும் அதுதான் வழக்கம்.

கற்பூரம் காட்டி முடித்து, பொரி கொடுத்துக்கொண்டிருந்தபோது மிசியே வந்தார். அந்த வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. விடுமுறை நாள்தானே என்று சந்து வழியாக ஓட்டி வந்துவிட்டார். இறங்கவில்லை.

"பின்னால எடது பக்கம் கடகடன்னு சத்தம் வருதுப்பா. ஒரு வாட்டி பாத்துடு" என்றார்.

நான் படையலைப் பார்த்தேன். சக்கர நட்டுக்குப் போடுகிற பதினேழாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் முதல் வரிசையில் இருந்தது, சந்தனம் குங்குமத்தோடு, ஒரு சாமந்தியும் வைத்து. முதலாளி முந்திக்கொண்டார். "சாமிகிட்ட வச்சதை எப்படி எடுக்கறது மிசியே? நாளைக்கிக் காலையில மொத வேலை உங்க வண்டிதான்."

குனிந்து சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அதற்கு ஸ்பேனர் வேண்டியதில்லை. புது வேட்டி கட்டியிருந்தேன். மண்ணில் மண்டி போட மனசில்லை. அதுதான் உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. பொரிப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தேன். மற்ற வண்டிகளுக்கு வைத்த மாதிரியே நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். "தக்கோர், சரிப்பா, நாளைக்கி வரேன்" என்று சொல்லி, பழத்தை நசுக்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் கழன்று ஓடியது. வண்டி புரண்டு, அவருடைய நல்ல காலின் மேல் விழுந்தது.

4. நட்டின் கோன்

மறுநாள் வண்டி மறுபடி மினி லாரியில் வந்தது. சக்கரம் தனியாக. முதல் வேலை உங்கள் வண்டிதான் என்று சொன்னபடியே ஆனது. எடுத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

சக்கர நட்டின் முனை கோன் மாதிரிச் சரிவாக இருக்கும். டிஸ்க்கின் ஓட்டையிலும் அதே சரிவு உண்டு, ஒரு பக்கம் மட்டும். இரண்டும் பொருந்தி உட்கார்ந்தால்தான் நட்டு பிடிக்கும். நான் டிஸ்க்கைத் திருப்பியபோது ஓட்டையின் சரிவு ஹப் பக்கம் போய்விட்டது. நட்டு வெறும் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. கைக்கு இறுகின மாதிரி இருந்து, ஓட ஓடத் தளர்ந்திருக்கிறது. ஓட்டைகள் கோழிமுட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன. அரை இஞ்ச் சும்மா கிடைக்கிறதென்று நினைத்தேனே, சும்மா கிடைக்கவில்லை.

முதலாளி கெட்டவரில்லை, பயந்துவிட்டார். "உசுரு பொழச்சிக்கிச்சு இல்ல, வாயைத் தொறக்காத" என்றார்.

நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருடைய நல்ல காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். மதாம் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்க்கைத் திருப்பியது, கோன், ஓட்டை, எல்லாம். அழுகை வந்துவிட்டது.

மிசியே கடைசி வரைக்கும் கேட்டார்.

"நட்டு தப்பாப் போச்சு, சரி. கை வேலைன்னா தப்பு வரும். பட்டாளத்துல நானும் பண்ணியிருக்கேன்" என்றார். பிறகு, "ஆனா சத்தம் வருதுன்னு நானே வந்து சொன்னேன் ஏழுமலை. நீ குனியல" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வருடமே நாலு ரிம்மையும் பழையபடி மாற்றிக் கொடுத்தேன். அவர் அந்த வண்டியை ஓட்டவே இல்லை. சில வருடம் சக்கர நாற்காலியில் இருந்துவிட்டு இறந்து போனார்.

இளையவர்களுக்கு இரண்டு சொல்கிறேன். டிஸ்க்கைத் திருப்பினால் ஓட்டையின் சரிவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். இது சின்னப் பாடம், ஒரு தரம் சொன்னால் போதும். சத்தம் வருகிறது என்று வந்து நிற்கிற ஆளிடம் நாளைக்கு வா என்று சொல்லாதீர்கள். இதை எனக்கு நானே வருடாவருடம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆயுத பூஜையிலிருந்து பதினேழாம் நம்பரை நான் படையலில் வைப்பதில்லை. ரிட்டயர் ஆன பிறகும் அன்றைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். போகிறேன், பழைய வேட்டிதான் கட்டிக்கொண்டு போகிறேன். பொரியை வாங்கிக்கொண்டு பட்டறை வாசலில் உட்கார்ந்திருப்பேன். பொழுது சாய்கிற வரைக்கும் அந்த ஸ்பேனர் என் மடியில் இருக்கும்.